அழிச்சிட்டேன் என்று நீ சொன்ன பெயர்

அலமாரியைத் துப்புரவாக்கும்போது உன் சீடி ஒன்று கையில் அகப்பட்டது. உன் கோணல் எழுத்தில் 'பொதுக் கோப்பு, இதுதான் கடைசி' என்று இருக்கிறது. இதே பெயரில் இன்னும் நாலு 'கடைசி' வைத்திருந்தவன் நீ. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது. செத்தவனோடு சண்டை போடக்கூடாது என்கிறார்கள். நான் போடத்தான் போகிறேன்.

மாத்தளை டவுனில் அந்த மாடி அறையில் நாமிருவரும் வெப் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். மிளகு வாங்கும் கடைக்கு ஒன்று, டிஸ்பென்சரிக்கு ஒன்று. யாருக்குச் செய்தாலும் அதே நாலு வேலைதான்: சேர், காட்டு, திருத்து, அழி. ஒவ்வொரு பட்டியலுக்கும் அந்த நாலையும் புதிதாக எழுதுவோம். எழுதுவது எங்கே, பழையதைப் பிரதி எடுத்துப் பெயரை மாற்றுவோம். ஒருதரம் மாற்ற மறந்து, டிஸ்பென்சரித் திரை நோயாளியின் பெயருக்குக் கீழே 'காய்ந்ததா, பச்சையா?' என்று கேட்டது. டொக்டர் கூப்பிட்டு ஏசினார். நீ வெளியே வந்து படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பொதுக் கோப்பை எழுதினேன். பட்டியலின் பெயரையும் அதில் என்னென்ன விவரம் என்பதையும் சொன்னால் போதும், நாலு வேலையையும் அதுவே செய்துவிடும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லாக் கடைக்கும் திருந்திவிடும். "இனி மனுசன் மாதிரி இருந்து சோறு தின்னலாம் மச்சான்" என்றாய்.

உக்குவளையில் போர்டிங் நடத்திய முதலாளிக்கும் அதை வைத்தே அரை நாளில் செய்து கொடுத்தோம். தங்கியிருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த இடம். அவர் அதை அச்சடித்துப் பொலிசுக்குக் கொடுக்கவேண்டும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் அண்ணன் அங்கேதான் தங்கியிருந்தார். நாங்கள் இரத்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஆனால் கலவரத்துக்குப் பயந்து அப்பா வன்னிக்குப் போயிருந்த காலத்தில் பிறந்தவர் அண்ணன். அட்டையில் கிளிநொச்சி என்று இருக்கும். யுத்தம் நடந்த அந்த நாட்களில், புலி என்று பிடித்துக்கொண்டு போக அது போதும்.

"மச்சான், அண்ணன் பேர எடுத்துரு" என்று உன்னிடம் வந்து நின்றேன். என் கண்முன்னாலேயே பொத்தானை அழுத்தினாய். திரையில் பெயர் இல்லை. "அழிச்சிட்டேன். நிம்மதியா போ" என்றாய். அத்தை வீட்டுக்குப் போய்விடப் பார்த்த அண்ணனை நான்தான் தடுத்தேன். "ஒங்க பேரே அங்க இல்லண்ணே, பயப்படாம இருங்க."

பத்தாம் நாள் பொலிசார் வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் கையிலிருந்த தாளில் அண்ணன் பெயர் ஏழாவதாக இருந்ததாம்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். 'அழி' என்ற இடத்தில் நீ கைவைத்திருந்தாய். பெயர் திரையிலிருந்து மறையும், அவ்வளவுதான். அச்சடித்தால் எல்லாம் வரும். மிளகுக் கடைக்காரர் தெரியாமல் பாதிப் பட்டியலை அழித்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டதால், நான் ஊரில் இல்லாத வாரம் அதை மாற்றியிருக்கிறாய். நல்ல யோசனைதான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் முன்னால் அந்தப் பொத்தானை அழுத்தும்போது உனக்குத் தெரியும். தெரியும்டா உனக்கு!

கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாய். "பேர் கொறைஞ்சா மொதலாளிய உள்ள போடுவாங்க, பொறகு நம்மளத் தேடி வருவாங்க. ஒன்கிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரல மச்சான்." முடியாது என்றிருந்தால் அன்றைக்கே அண்ணனை பஸ் ஏற்றியிருப்பேனே! நீ பயந்ததை மன்னிப்பேன், நானும் பயந்தவன்தான். நம்ப வைத்தாயே, அதை என்ன செய்ய?

அண்ணன் ஒன்றரை வருசம் கழித்து வந்தார். இடது காது கேட்காது. நான் இன்றைக்கும் எதை அழித்தாலும், உள்ளே போய்ப் பட்டியலைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன். கூட வேலை செய்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நீ செய்ததை அண்ணனிடம் நான் சொல்லவேயில்லை. உன் செத்த வீட்டுக்கு அவரும் வந்தார். முன்னால் நின்று உன் பெட்டியைத் தூக்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில், கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "நல்ல பையன்டா. அந்த நேரத்துல பயமில்லாம என் பேர எடுத்துவிட்டானே, வேற யாரு செய்வா? பழைய தாள்தான் அவனுங்க கையில இருந்திருக்கும்."

"ஆமாண்ணே" என்றேன்.