ஐந்து பட்டன்

12 நவம்பர் 1974, செவ்வாய்

உதவித்தொகை மனுவுக்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்க, இன்று என் வீட்டுக்காரரை மூணாறுக்குக் கூட்டிப் போனேன். தேயிலை ஃபேக்டரி ரோலரில் அவருடைய வலது கை நசுங்கி எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து தினமும் நான்தான் சட்டை போட்டுவிடுகிறேன்.

பஸ்ஸிலேயே சொல்லி வைத்தேன். "எது கேட்டாலும் முடியலைன்னு சொல்லுங்க." தலையாட்டினார்.

டாக்டர் கையைப் பார்த்துவிட்டுச் சட்டையைப் போடச் சொன்னார். நான் எழுந்தேன். "நீ இரு" என்றார் இவர். இடது கையாலேயே ஐந்து பட்டனையும் மளமளவென்று மாட்டினார். "கொள்ளாமல்லோ!" என்று மலையாளத்தில் மெச்சிய டாக்டர், தன் வேலையைத் தானே செய்துகொள்வார் என்று எழுதிவிட்டார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன மனு கொடுப்பது?

வீட்டுக்கு வந்துதான் கேட்டேன்.

"இதை எப்பப் பழகுனீங்க?"

"நீ கொழுந்தெடுக்கப் போனப்புறம். நாலு மாசமாச்சு."

நாலு மாசம்! இன்று காலையில்கூடச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாரே. மனு போன ஆத்திரத்தைவிட இதுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது.

நாளைக் காலையிலும் அப்படி வந்து நின்றால் நன்றாகத் திட்டப்போகிறேன்.

வராமல் இருந்துவிட்டால்?