தேர் நிலைக்கு வரும் வரை

பங்குனி 26, புதன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கம்பெனிக்கு லீவு. பத்திரம் பதிந்தாயிற்று. கைரேகை, போட்டோ, பெங்களூரிலிருந்து வந்த வீட்டுக்காரர் கையெழுத்து. எல்லாம் முடிந்து வெளியே வந்து ஒரு மோர். பின்போர்ஷனில் இத்தனை வருஷம் வாடகைக்கு இருந்த அதே வீடு, இன்றிலிருந்து முன்வாசலோடு என்னுடையது.

வீடு என்றால் பெரிய வீடா என்ன. ரயில்பெட்டி மாதிரி நீளம், அகலம் கொஞ்சம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அடுத்த வீட்டு சம்பத் சார் தும்மினால் என் சமையலறையில் கேட்கும். நடுவில் முற்றம், மேலே துருப்பிடித்த கம்பி. மெட்ராஸ் டெரஸ் கூரை, மழைக்கு ஒழுகும். பின்னால் சாக்கடைச் சந்து. தம்பி தணிகை போனில் அதே பாட்டு. காக்களூர் பக்கம் ஃப்ளாட் வாங்கியிருக்கலாமாம், லிஃப்ட் உண்டாம். கும்மிடிப்பூண்டி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வது சுலபம்.

எனக்கு இந்தத் தெருதான் வேண்டும். பால், பூ, மருந்துக்கடை, கோயில் குளம், எல்லாம் கூப்பிடு தூரம். கம்பெனி பஸ் தேரடி முனையிலேயே ஏற்றிக்கொள்கிறது. அமாவாசைக் கூட்டத்தில் நம் வீட்டுக்குள் நாமே நுழைய முடியாது, அது வேறு விஷயம்.

சாயந்திரம் நைனாவைக் கட்டிலோடு முன்னறைக்கு மாற்றினோம். நுரையீரலில் ஒன்றும் மிச்சமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். பத்திரத்தைக் கையில் கொடுத்தேன். படிக்கத் தெரியாது. தடவிப் பார்த்தார்.

"இது நம்ம ஊடா?"

"நம்ம ஊடுதான் நைனா."

"அப்ப இந்த வாசப்படி வழியாவே என்னத் தூக்கலாம். ஒருத்தனும் கேக்க மாட்டான்."

பங்குனி 29, சனி

கம்பெனியில் ஸ்டாக் எடுப்பு. தலைவலி. வாங்க வேண்டியது: ஃபினாயில், நைனாவுக்கு டயபர், கொசுவத்தி, முன்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்.

நைனா சொன்னதே மனசில் ஓடுகிறது. அம்மா செத்தது மணவாள நகர் வாடகை வீட்டில். வாடகைக்கு விட்ட இடத்தில் பிணம் போடக்கூடாது என்று அந்த வீட்டுக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மாவை ரோட்டில் பெஞ்சு போட்டு வைத்தோம். மழை வேறு. ஷாமியானா ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் கால்மாட்டில் ஊற்றியது. அதற்குப் பிறகு நைனா பேசியதெல்லாம் சொந்த வீடு, சொந்த வீடு.

ஊரில் எல்லோரும் வாழ்வதற்கு வீடு வாங்குகிறார்கள். நான் நைனா சாவதற்கு வாங்கினேன். எழுதினால் அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சித்திரை 1, திங்கள்

வேப்பம்பூ பச்சடி. நைனா நாக்கில் தொட்டு வைத்தேன், முகம் சுளித்தார். நல்லது, ருசி தெரிகிறது.

உற்சவத்துக்குத் தெருவில் பந்தல் போடுகிறார்கள். தெருக்காரர்கள் சார்பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் சம்பத் சார்தான். கலெக்டர் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். நல்ல மனுஷன். தேர் அன்று நம் வாசலிலும் தட்டு எடுக்க வேண்டும், இனிமேல் நீயும் வீட்டுக்காரி என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

சித்திரை 4, வியாழன்

நேற்று கொடியேற்றம். இன்று பஸ்ஸில் இருந்து இறங்கியதும் சம்பத் சாரும் தெருக்காரர் இரண்டு பேரும் வாசலில். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நைனா மூச்சு விடும் சத்தம் ராத்திரியில் பொதுச்சுவர் தாண்டிக் கேட்கிறதாம். சம்பத் சார் முதலில் மென்று விழுங்கினார், பிறகு சொல்லிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. தெருவுல பொணம் கெடந்தா சாமி வெளிய வராது. எடுக்கற வரைக்கும் பூஜையே நிக்கும். தேர் முடியற வரைக்கும் பெரியவர எதனா ஆஸ்பத்திரில வச்சிக்கோயேன்."

இந்தத் தெருவில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம். மேற்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியை இதே மாதிரி ஒரு தேருக்குக் கடம்பத்தூர் மகள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தம்மா திரும்பி வந்து இன்றைக்கும் வாசலில் கீரை ஆய்கிறது.

பார்க்கிறேன் சார் என்றேன். இது வாடகை வீடு இல்லை என்பது வாய் வரை வந்து நின்றது.

சித்திரை 6, சனி

ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன். ஆமாம், கூப்பிட்டேன். ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் நைனா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.

சம்பத் சார் மனைவி மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாயந்திரம் கஞ்சி கொடுத்து அனுப்பினார். உப்பு சரியாக இருந்தது. இவர்களை வெறுக்கவும் முடியவில்லை, பேஜாரு.

சித்திரை 9, செவ்வாய், காலை

எழுதிக்கொண்டிருந்தால் எழுந்து போய்க் கதவைத் திறக்க மாட்டேன் என்று எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே தெருவில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். காபி கலந்துகொண்டு வந்தேன். நைனா வாய் திறந்தபடி. நெற்றியைத் தொட்டேன். இல்லை.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே மைக்கில் நாதஸ்வரம். சாமி தேரில் ஏறும் நேரம். இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். உடனே எடு என்பார்கள். முன்னால் தேர் வரும் வழி, அதனால் பின்சந்து வழியாக, சாக்கடையைத் தாண்டி, குளிப்பாட்டாமல், தணிகை வந்து சேர்வதற்குள். தேர் நிலைக்கு வந்தபிறகு சொன்னால் எல்லாம் முறைப்படி நடக்கும். முன்வாசல் வழியாகப் போவார். மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும்.

தணிகைக்கும் சொல்லவில்லை. அவன் போனிலேயே கத்துவான். தாடையைத் துண்டால் கட்டினேன். ஃபேனை முழுசாக வைத்தேன். அழவில்லை. பொதுச்சுவர்.

அதே நாள், பிற்பகல்

தேர் நம் வாசலுக்கு வந்து முட்டுக்கட்டை போட்டு நின்றது. புடவை மாற்றிக்கொண்டு தேங்காய், பழம், கற்பூரத் தட்டோடு நின்றேன். தெரு முழுக்கத் தலைகள். சம்பத் சார் தட்டை வாங்கி மேலே கொடுத்தார்.

நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். தூங்குறாரு சார் என்றேன். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சாமியிடம் பயம் வரவில்லை. இவர் உள்ளே எட்டிப்பார்த்துவிடுவாரோ என்றுதான் பயம்.

உள்ளே போய் நைனா பக்கத்தில் உட்கார்ந்தேன். வெடி போட்டார்கள், தேர் நிலைக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்து கத்தினேன். காலையில் இருந்து அடக்கியது, நிறுத்த முடியவில்லை.

குறை சொல்லக் கூடாது, தெருவே வந்தது. ஐஸ் பெட்டி, மாலை, நாற்காலி, யார் யாரோ கொண்டுவந்தார்கள். சம்பத் சார் மனைவி என்னை மடியில் போட்டுக்கொண்டார். எப்போது என்று சம்பத் சார் கேட்டார். இப்போதுதான் சார், தேர் நிலைக்கு வந்ததும், என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"புண்ணியவான்யா. சாமி போய் நிலைல நிக்கற வரைக்கும் காத்துகினு இருந்துட்டுப் போயிருக்காரு."

வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். குளிப்பாட்ட வந்த ஆள் நைனாவின் கையை மடக்கப் பார்த்தான். மடங்கவில்லை. என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். பிறகு தண்ணீரை ஊற்றினான்.

சித்திரை 10, புதன். கும்மிடிப்பூண்டி, தணிகை வீடு

இதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று தணிகை வந்ததும் சடங்கு செய்பவர் பஞ்சாங்கத்தை விரித்தார். நேரம் கேட்டார். நான் சொல்வதற்கு முன்பே சம்பத் சார் சொல்லிவிட்டார், தேர் நிலைக்கு வந்த நேரம் என்று. சடங்குக்காரர் பஞ்சாங்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போய் நிறுத்தினார்.

காலையோடு பரணி முடிந்துவிட்டது. பிறகு கார்த்திகை. அடைப்பு.

அந்த நட்சத்திரத்தில் போனவரை வாசல்படி வழியாக எடுக்கக்கூடாதாம். சுவரை இடித்து அந்த வழியாகத்தான் எடுக்க வேண்டுமாம். எடுத்தபிறகு வீட்டை மூன்று மாதம் பூட்டி வைக்க வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்தடுத்துச் சாவு விழும், நமக்கு மட்டுமில்லை, தெருவுக்கே. சம்பத் சார் சங்கடப்பட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், அவற்றைத் தொட முடியாது. பின்சுவர்தான் என்று முடிவாயிற்று.

விடியும்போதே போயிட்டாரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பரணி. அடைப்பு கிடையாது. நைனா முன்வாசல் வழியாகப் போவார். நாக்கு நுனி வரை வந்தது. சம்பத் சார் மனைவியின் கை என் தோளில் இருந்தது. உள்ளே பிணத்தை வைத்துக்கொண்டு தட்டு எடுத்தவள் என்று தெரிந்தால் இந்தத் தெருவில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது. தேருக்குப் பரிகாரம், ஊர்க்கூட்டம், அப்புறம் நான் யாரிடம் போய் இந்த வீட்டை விற்பேன். இதையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்தேன். நைனாவை யோசிக்கவில்லை.

எழுந்து போய்ப் பின்சுவர் ஓரம் இருந்த சாமான்களை நகர்த்தினேன்.

இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். பழைய சுண்ணாம்புச் சுவர், சுலபத்தில் விழவில்லை. நைனாவைச் சாய்த்துத் தூக்கி, தலை முட்டாமல் கையை வைத்துக்கொண்டு, சாக்கடைச் சந்தில் இறக்கினார்கள். முன்பக்கம் தேர் பார்த்த கூட்டம் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது. கொத்தனார் ஓட்டையை அடைத்தார். முன்கதவைப் பூட்டிச் சாவியை நானே எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒரே வெக்கை. தணிகை பெண்டாட்டி கூடத்தில் பாய் போட்டுக் கொடுத்தாள். அவன் சாப்பிடவில்லை.

"கடைசியா எதனா சொன்னாராக்கா?"

நான் அப்போது காபி கலந்துகொண்டிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்.

தேர் போவதை வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார் என்று சொன்னேன்.