ஆற்றுத் தண்ணீர்க் குடம்

மாசி 9, திங்கள்
பனி. தெருவெல்லாம் தோல் ஷாப்பு நாற்றம், மரப்பட்டைத் தண்ணியில் ஊறுகிற தோல். நாளை மறுநாள் பெண் பார்க்க வர்றாங்க. அண்ணி செங்கல் தூளும் உப்பும் போட்டு என் பல்லைத் தேய்த்தாள். ஈறு கிழிந்து ரத்தம். பழுப்பு அப்படியே. பள்ளிக்கூடத்தை நான் விட்டதும் இந்தப் பல்லால்தான்.
அண்ணன்: "தோல் ஷாப்புப் புகை படிஞ்சிருக்கு." அவன் பல்லும் இதே நிறம். அவனை யாரும் தேய்க்கலை.
அண்ணி ஆற்றோர ஊர்க்காரி. பல் வெள்ளை.
அவள் பாப்பாவுக்கு எட்டு மாசம். அது முன்னால் மட்டும் வாய் திறந்து சிரிப்பேன்.

11, புதன்
ஆறு பேர். கேசரி நான் செய்தது. மாப்பிள்ளையின் அம்மா, "சிரி, பாக்கலாம்" என்றாள். சிரிக்கலை. கட்டை விரலால் உதட்டைத் தூக்கினாள், மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி. "இன்னாம்மா, தோலோட சேத்து இவளையும் பட்டைத் தண்ணியில ஊறப் போட்டீங்களா?"
முதலில் சிரித்தவள் அண்ணி.
கேசரி மிச்சமில்லை.

12, வியாழன்
நைனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர்: "புகை இல்ல. உங்க கிணத்துத் தண்ணி. சின்ன வயசுல குடிச்சா உள்ள இருக்கிற பல்லு கெட்டுடும். ஏழு வயசுல முளைக்கும்போதுதான் தெரியும். அப்புறம் எது போட்டுத் தேய்ச்சாலும் போகாது."

14, சனி
பாப்பாவுக்கு மட்டும் இனி பாலாற்றுத் தண்ணீர். சுமக்க நான். போக ஒரு மைல், வர ஒரு மைல். மணலைத் தோண்டி, ஊறும்வரை உட்கார்ந்து, கொட்டாங்குச்சியால் மொள்ளணும்.
வந்ததும் ஒரு டம்ளர் எடுத்தேன். அண்ணி பிடுங்கிக் குடத்தில் ஊற்றினாள். "உனக்கு எதுக்குடி இனிமே? அதான் கெட்டுப் போச்சே."

20, வெள்ளி
தோள் வீக்கம். அந்த மாப்பிள்ளைக்கு அண்ணியின் தங்கையையே முடிச்சிட்டாங்க. பேசினது அண்ணி. என்னிடம், "கல்யாணத்துல வாயத் திறக்காம நில்லு" என்றாள்.
ஆற்றிலிருந்து ஒரு பிடி மணல், தாவணியில் முடிந்து வந்தேன்.

21, சனி
ஆற்றுக்குப் போகலை. தோல் ஷாப்புப் பட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், போய் வருகிற நேரம் ஆகும்வரை. பிறகு நம்ம கிணற்றில் மொண்டேன். குடத்தின் அடியில் அந்த மணலை ஈரமாகப் பூசினேன்.
அண்ணி ஒரு வாய் குடித்தாள். "ஆத்துத் தண்ணி ருசியே தனி." பாப்பாவுக்குச் சங்கில் புகட்டினாள். முழுசும் குடிச்சது.
கீழ் ஈறில் ரெண்டு பல், அரிசி மாதிரி. வழக்கம்போல என் வாயில் விரல் விட்டு என் பல்லைத் தடவியது. சிரித்தேன். அதுவும் சிரிச்சது.
நாளைக்கும் தண்ணிக்கு நான்தான்.