வசந்தாவுக்குக் குள்ளநரி

6-7-2003, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஜோகுபாளையம், முரளி வீடு. வழக்கம்போல் நான், முரளி, லோகேஷ். போன வாரத்திலிருந்து என் மனைவி வசந்தாவும். ஞாயிற்றுக்கிழமையும் தனியாக வீட்டில் கிடக்க முடியாது என்றாள். கூட்டிப்போனது நான்தான். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

இன்று முரளி கதை சொல்லி நடத்துகிற ஆட்டத்தில் காடு. காட்டுக்குள் ஓநாய் மனிதன், பௌர்ணமிக்கு ஓநாயாகிறவன். முன்னால் போனது என் ருத்ரன், ஆறடி வீரன், கையில் வெள்ளி வாள். கடி வாங்கியது பின்னால் புதரில் ஒளிந்திருந்த மிளகி. மிளகி வ.வின் பாத்திரம். மூன்றடி உயரத் திருடி.

முரளி பகடையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கடிச்சிருச்சு சிஸ்டர். அடுத்த பௌர்ணமிக்கு நீங்களும் மாறிடுவீங்க."

வ. முகத்தில் கல்யாண ஆல்பத்தில்கூட இல்லாத வெளிச்சம்.

ருத்ரனைக் கடிக்கட்டும் என்று போன வருஷமெல்லாம் முரளியிடம் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் நான் ஆட்டுற பூதம் மச்சி. ஆடறவங்களுக்குக் குடுத்தா ஆட்டமே கெட்டுரும்" என்பான். இன்று கெடவில்லை போல.

வாங்க: குக்கர் காஸ்கெட், கொசுவத்தி, ரேஷன் அரிசி வேண்டாம், நல்ல அரிசி.

8-7, செவ்வாய்

ஆபீஸில் சரிசெய்து மூடிய பழைய சாஃப்ட்வேர் பக் திரும்பத் திறந்தாயிற்று. மேனேஜர் முகம் சரியில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போன். எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு.

மாலை கேட்டேன். "முரளி அண்ணா. மிளகி எப்படி மாறணும்னு கேட்டார்."

அண்ணா என்றுதான் சொல்கிறாள். சரி. ஆனால் என் ஆபீஸ் நம்பரும் அவனிடம் இருக்கிறது.

அப்புறம் ஆம்பூரிலிருந்து அவள் அக்கா போன். நான் பேப்பர் படிக்கிற மாதிரி. "சூதாட்டம் இல்லக்கா. அண்ணா கதை சொல்லுவார். நாங்க ஆளுக்கொரு வேஷம், உக்காந்த எடத்துலயே. நெனச்சது நடக்குமா இல்லையான்னு பகடை சொல்லும்... ஆமா, அவரும்தான். அவருக்கு வெட்டறதுதான் வேலை."

வெட்டுவதுதான் வேலை. சரி.

10-7, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். முரளி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஏதோ வேலையாக வந்தானாம், அப்படியே வீட்டுக்கு. ரஸ்க் இருக்கிறது, போதும் என்றேன். வ. வெங்காய பஜ்ஜி போட்டாள்.

அவன் பிரச்சினை: ஆட்ட விதிப் புத்தகத்தில் இருக்கிற ஓநாய் மனிதன் பெரிய ஆளுக்கானது. மாறினால் ஏழடி. மூன்றடி மிளகி ஏழடியானால் மீதி உடம்பு எங்கிருந்து வரும்? அதோடு அத்தனை பலத்தையும் அவளிடம் கொடுத்தால் மற்றவர்களுக்கு வேலையே இருக்காது. மனிதன் எந்த அளவோ மிருகமும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கணும்.

"அப்ப பெருச்சாளி" என்றேன். "அளவு கரெக்டா இருக்கும். திருடிக்கும் பொருத்தம்."

வ. என்னைப் பார்த்தாள். கோபமில்லை. எதற்குச் சொன்னேன் என்று கண்டுபிடிக்கிற பார்வை. அப்புறம் முரளியிடம்: "குள்ளநரி?"

அவன் பஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டான். "வசந்தா, சூப்பர். பலம் கொஞ்சம்தான் ஏத்தறேன். வேகம் நிறைய. கடி சின்னது, ஆனா பிடிச்சா விடாது. சாதா கத்தி பாதிதான் வெட்டும், வெள்ளின்னா முழுசா வெட்டும்."

சிஸ்டர் போய் வசந்தா ஆகிவிட்டது. அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. நான் கவனித்தேன்.

"மாறினப்புறம் எனக்கு ஞாபகம் இருக்குமாண்ணா? இவங்கள்லாம் யாருன்னு?"

முரளி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்படி ஒரு கேள்வி நான் அவனைக் கேட்டதே இல்லை. ருத்ரன் அடி தாங்க எத்தனை உயிர்ப்புள்ளி, வாளுக்கு எவ்வளவு, இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன்.

"மொகம் ஞாபகம் இருக்காது" என்றான். "வாசனை இருக்கலாம்."

போகும்போது பஸ் ஸ்டாப் வரை நான் மட்டும். "உன் வொய்ஃப் செம டேலண்ட் மச்சி. இத்தனை நாள் ஏண்டா கூட்டிட்டு வரல?" சிரித்து வைத்தேன்.

பஜ்ஜி நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

13-7, ஞாயிறு

நல்ல வெயில். எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆட்டத்தில் பௌர்ணமி. வைக்கோல் கொட்டகைக்குள் மிளகி குள்ளநரியானாள். வ. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். காது முளைக்கிறது. சட்டை தொளதொளக்கிறது. கத்தி கையில் நிற்கவில்லை. லோகேஷ் சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டான். முரளி பென்சிலை வாயில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவங்க யாருன்னு தெரியல" என்றாள். "ஆனா அந்த உயரமான ஆளோட கை வாசனை தெரியும். அவர்கிட்ட போறேன். கடிக்கல. மோந்து பாக்கறேன்."

லோகேஷின் பாத்திரமான பூசாரியிடம் வலை இருந்தது. "குரு, சும்னிரு, நான் வலை போடறேன்" என்றான், கன்னடம் கலந்து என்னைச் சும்மா இருக்கச் சொல்லி. முரளியும் கண்ணால் ஜாடை காட்டினான்.

"வெட்டறேன்" என்றேன். "வெள்ளி வாள்."

"யோசிடா. அவ தாக்கல" என்றான் முரளி.

"வெட்டறேன்."

இருபது முகப் பகடை. இருபது விழுந்தது, முழு வெட்டு. சின்ன உடம்பு, கொஞ்சம் உயிர்ப்புள்ளி. கணக்குப் போட ஒன்றுமில்லை. முரளி தலையைக் குனிந்துகொண்டு, "செத்துட்டா" என்றான். "மறுபடி பொண்ணா மாறிட்டா. வைக்கோல்ல."

லோகேஷ்: "ஏன் குரு இது." 

வ. மிளகியின் விவரம் எழுதிய தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். டீ டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். மடிவாளா தாண்டியதும்: "வெட்டும்போது நீங்க என்னைப் பாக்கல. முரளி அண்ணாவப் பாத்தீங்க."



15-7, செவ்வாய்

சாப்பாடு, காபி, கேட்டதற்குப் பதில். எல்லாம் சரியாக நடக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

கரண்ட் பில். தலைவலி மாத்திரை.

முரளி ஆபீஸுக்குப் போன் செய்தான். "கோவமாடா?" இல்லை என்றேன். "நான் வசந்தான்னு கூப்பிட்டது ஒருமாதிரி இருந்துச்சா? வாயில வந்துருச்சு மச்சி." அவனும் கவனித்திருக்கிறான். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அவன் அவ்வளவு நேராகக் கேட்டதில் இன்னும் எரிச்சல்.

18-7, வெள்ளி

மழை. துணி காயவில்லை. வ. சமையலறைத் தரையில் உட்கார்ந்து புதுத் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மூடவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. ஆட்டத்துக்கு வேறு ஒரு ஆளை உருவாக்குகிறாள் என்று மட்டும் புரிந்தது. நான் வெட்டினாலும் அவளுக்கு இன்னொன்று தோன்றும். எனக்கு ருத்ரன் ஒருவன்தான்.

20-7, ஞாயிறு

வானம் மூட்டம். காலை இட்லி. வ. கிளம்பி நிற்கிறாள், நான் இன்னும் லுங்கியில். வரவில்லை என்றேன். ஏன் என்றாள்.

"பொறாமை" என்றேன். சொல்லிவிட்டேன்.

"தெரியும். யார் மேல?"

முரளி மேல என்று வாய்வரை வந்தது. இத்தனை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உன் மேல. நீ நல்லா ஆடற."

சிரிக்கவில்லை.  வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பத்தரை பஸ் போச்சு. அடுத்ததுக்குள்ள குளிங்க."

வெந்நீர் போட்டிருக்கிறேன்.