பொத்தான் இருக்கும் பக்கம்

மார்ச் 4, சனி
இன்று ஒரே ஒரு தகட்டுப் படம். பேருந்து ஓட்டும் பிசெரும் அவன் மனைவி ஸ்லாவ்காவும். வீட்டுக்காரர் லூபென் கேட்ட வேலை. கீழே அவருடைய பழம்பொருள் கடை, மேலே என் படக்கூடம். நாடகத்துக்கு வேண்டுமாம். பழங்காலக் கோட்டுகூட அவர் கடையிலிருந்தே வந்தது.

இரும்புத் தகட்டில் எடுத்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிவிடும். "கல்யாண மோதிரம் நம்ம வழக்கப்படி வலக்கையில தெரியணும் வெலிச்கா. இல்லேன்னா நம்ம ஜனம் சிரிக்கும்" என்றார் லூபென். இருவரையும் மோதிரத்தை இடக்கைக்கு மாற்றிப் போடச் சொன்னேன். நல்லது நடக்க மணிக்கட்டில் கட்டிய மார்ச் மாதச் சிவப்பு வெள்ளை நூலைக் கழற்றவே மாட்டேன் என்றாள் ஸ்லாவ்கா. சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டேன். எட்டு வினாடி அசையாமல் நிற்க வேண்டும். பிசெர் இமைக்கவில்லை. "என் பஸ்ஸுல எவனாவது எட்டு வினாடி சும்மா நின்னிருக்கானாக்கா?" என்றான் பிறகு.

மார்ச் 9
வெள்ளிக் கரைசல் கலங்கிவிட்டது. தெளியட்டும் என்று வெயிலில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 21, செவ்வாய்
நாடகமும் இல்லை, மண்ணும் இல்லை.

நெவேனா என்று ஒருத்தி வந்தாள். மலையடிவாரத்துச் சிறிய ஊர் ஒன்றில் அருங்காட்சியகம் பார்த்துக்கொள்பவள். வெல்வெட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே நான் எடுத்த தகட்டில் பிசெர்!

"எங்க பள்ளிக்கூடத்தைக் கட்டினவரும் அவர் சம்சாரமும். லூபென் சார் தேடிப் பிடிச்சது. மே மாசம் சுவத்துல மாட்டுறோம். இந்த முறையில படம் எடுக்கறவங்க இங்க நீங்க ஒருத்தர்தான். பழசுதான்னு ஒரு வரி எழுதித் தாங்களேன்."

வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். தகட்டை வைத்துவிட்டுப் போனாள்.

லூபென் மறுக்கவே இல்லை. "அவங்களுக்கு ஒரு முகம் வேணும், குடுத்தேன். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? நீ சந்தையில துருக்கி ஜாக்கெட்டுக்கு இத்தாலி லேபிள் தச்சு வித்தவதானே?"

தைத்தேன்தான்.

"எழுதிக் குடு. இல்லேன்னா மாசக் கடைசிக்குள்ள சாமானை எடுத்துக்க."

மார்ச் 22
இந்த இருட்டறைக்குத் தண்ணீர்க் குழாய் பதித்தது நான். வடக்குப் பார்த்த இந்தச் சன்னலின் சீரான வெளிச்சம் வேறு எங்கே கிடைக்கும்? ஒரு வரிதானே. எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதி இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 23
அன்று ஜாக்கெட்டில் ஏமாந்தவன் திரும்பி வந்து என் சட்டையைப் பிடித்தான். பள்ளிக்கூடம் கட்டிச் செத்துப்போனவர் எங்கிருந்து வருவார்?

தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடம் கோட்டு விற்ற கண் — எப்படித் தப்பவிட்டது? மோதிரத்தை மாற்றினோம், கோட்டை மாற்றவில்லை. பிசெரின் பொத்தான் பெண்கள் கோட்டில் இருக்கும் பக்கம் விழுந்திருக்கிறது. அசல் பழைய தகடு என்றால் இரண்டும் சேர்ந்தல்லவா மாறியிருக்கும்! இது நெவேனாவுக்குத் தெரியாது. லூபெனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான். சும்மா இருந்தால் போதும்.

மார்ச் 24, வெள்ளி
கடிதம் இழுப்பறையில்தான் இருந்தது. கை அதுவரை போனது. "முதல்ல உங்களை ஒரு படம் எடுக்கறேன், உட்காருங்க" என்றது வாய்.

கழுவிய தகட்டை அவள் கொண்டுவந்ததற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அய்யோ, என் மோதிரம் இடக்கைக்குப் போயிருச்சே!"

"பொத்தானும் கூடவே போயிருக்கு பாருங்க."

பார்த்தாள். பிறகு மற்றதைப் பார்த்தாள். "இதுல பொத்தான் மட்டும் மாறியிருக்கு. மோதிரம்..." நிறுத்திவிட்டாள். "இது யாரு?"

"பிசெர். ஆறாம் நம்பர் பஸ் ஓட்டறான்."

அவள் சிரிக்கவில்லை. "எடுத்தது?"

"நான்தான்."

பெட்டியை மூடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 31
சாமானை எல்லாம் ஏற்றியாயிற்று. குழாயைக் கழற்றவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 19, புதன்
பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் பழைய டயர்க் கொட்டகை, இனி அதுதான் என் படக்கூடம். பிசெர் பேசி வாங்கித் தந்தான். தண்ணீரை வாளியில் சுமக்க வேண்டும். காலை வெளிச்சம் மட்டும்தான். முதல் தகடு அவனுக்கும் ஸ்லாவ்காவுக்கும்தான், அவர்கள் சொந்த உடுப்பிலேயே. ஸ்லாவ்கா ஈஸ்டரின் சிவப்பு முட்டை இரண்டு கொண்டுவந்தாள்.

"மோதிரம் தப்பான கையில விழும்லக்கா? மாத்திப் போடட்டுமா?" என்றான் பிசெர்.

"வேண்டாம். கெடக்கட்டும்."

தகடு காய்வதற்குள் ஓரத்தில் ஊசியால் இந்த ஆண்டைக் கீறினேன்.