பேர் தெரியாத குரல்

பவானி
புதன்கிழமை

அன்புள்ள தம்பி சீனிவாசலுவுக்கு, அக்கா கனகம் எழுதுவது. நான் சௌக்கியம். டொராண்டோவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை; அதனால் கடிதம்.

போத்தனூரில் நாம் பிறந்து வளர்ந்த வீட்டை அப்பாவின் நாடக நினைவில்லமாகத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில்தான் பார்த்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தே ஆகவேண்டும் என்றாள் அம்மா. போன ஞாயிறு காந்திபுரம் வந்து, டவுன் பஸ் மாறிப் போனோம். மயில் கழுத்துக் கலர் சேலை கட்டிக்கொண்டாள். எண்பத்தொரு வயதில் கண்ணாடி முன் இரண்டு தடவை கொசுவத்தைச் சரிசெய்தாள்.

நம் வீட்டுக்குள் போக நான் டிக்கெட் வாங்கினேன்.

ஹாரிகா என்றொரு பெண் சுற்றிக்காட்டினாள். நல்ல பிள்ளை. கூடத்தில் அப்பாவின் கிரீடம், வாள். பட்டனை அழுத்தினால் பழைய நாடகத்தின் ஒலிப்பதிவு கேட்கிறது. அப்பா வசனம் பேசி நிறுத்தினார். பதிலுக்கு அம்மாவின் குரல் வந்தது, இருபத்தாறு வயதுக் குரல். என் பக்கத்தில் நின்ற அம்மா முதலில் உதட்டை அசைத்தாள். பிறகு சத்தமாகவே, ஒரு சொல் பிசகாமல், கூடவே பேசினாள். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ஏனுங்க, இது பேசறது ஆருங்க?” என்று அம்மா கேட்டாள்.

“பேர் தெரியலைங்கம்மா. வெளிநாட்டுல இருக்கற அவரு மகனுக்கே தெரியாதுங்களாம். எழுதியே கொடுத்துப்போட்டாருங்க” என்றாள் அந்தப் பெண்.

சுவரில் குடும்ப விவரப் பலகை. மகன் சீனிவாசலு, தாயார் என்ற இடத்தில் அப்பா தாலி கட்டிய பெரியம்மாவின் பேர். அந்த அம்மாள் உன்னை ஒருநாள் தூக்கியதுண்டா? தாலி ஏறாவிட்டாலும் இருபது வருஷம் அந்த வீட்டில் விளக்கேற்றியவள் நம் அம்மா. என் பேர் எங்குமே இல்லை, அது போகட்டும். பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதே பள்ளிக்கூடந்தான் படித்தேன். ஆனால் அம்மா மேடையேறியதால்தான் நீ இன்ஜினியர் ஆனாய்.

பார்வையாளர் நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதப் பேனாவைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம் அம்மணி. பேத்திக்கு மாப்பிள்ளை பாக்கறானாமா. அவனுக்குத் தலைகுனிவாயிரும்” என்றாள். நான் பேனாவை மூடிவிட்டேன். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு அரைவயிறுதான்.

ஒரு வரி போதும். அந்தக் குரல் தெய்வாத்தாளுடையது, அவள் என் தாய் என்று அவர்களுக்கு எழுதிப்போடு. அம்மா இருக்கும்போதே எழுது.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். அவள் சொன்னதற்காக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கனகம்