போறேன் என்றவன்

கர்க்கடகம் 4

மழை. வாத்துகளை அடைக்கப் போனால் குட்டிச்சாத்தான் எனக்கு முன்பே அடைத்துவிட்டிருந்தான். மாமரத்தடியில் அவன் குடியிருக்கும் கருங்கல்லின் முன் தேங்காய்ச் சிரட்டையில் கள் ஊற்றினேன். கல்லில் சேறு தெறித்துவிட்டதென்று ஒரே கூச்சல். கல்லை மண் மூடினால் அவன் பேச்சு அடங்கிவிடும். அவனுக்கு அந்த ஒரு பயம்தான்.

"சேச்சி, ஆத்துக்கரையில ஒரு நண்டு வளை என் தலை நுழையற அளவுக்கு ஆயிடுச்சு. நண்டு வீட்டுல கல்யாணம் போல."

வளையை அடைத்துவிட்டு வரும்படி தம்பி சுகுணனிடம் சொன்னேன். "சாத்தான் பேச்சக் கேட்டு மழையில மண்வெட்டி தூக்கணுமா? அப்புறம் பாக்கலாம். நான் போறேன்."

உடனே சாத்தான் பிடித்துக்கொண்டான். "போறேன்னா சொல்ற? செத்தவன்கூட அப்படிச் சொல்ல மாட்டான். போயிட்டு வரேன்னு சொல்லுடா!"

கர்க்கடகம் 7

ஆறு ஏறுகிறது. எங்கள் வயலும் வீடும் ஆற்றைவிடத் தாழ்வு. கரை உடைந்தால் வாத்து ஒன்றுகூட மிஞ்சாது. நான் வாத்துகளைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். சாத்தானோ வாத்துபோல நடந்து காட்டுகிறான்.

"உனக்குப் பயமே இல்லையாடா?"

"உன் மீன் கறிக்குத்தான் பயம். என்னா புளிப்பு!"

கர்க்கடகம் 8

மாலையில் சாத்தான் வாசலில் நின்று, "சேச்சி, போறேன்" என்றான்.

வாய் தவறியதா என்று கேட்டேன். சிரித்தான். "கறியில புளியக் குறை."

அவ்வளவுதான். சிரட்டையில் கள் அப்படியே இருக்கிறது. மாமரத்தடியில் கல்லும் இல்லை.

கர்க்கடகம் 9

துரோகி. தண்ணி படியேறுது, இவன் கல்லத் தூக்கிட்டுக் கெளம்பிட்டான். எத்தன வருஷம் ஊத்தினேன் உனக்கு! கூட இருப்பேன்னு சொன்னதெல்லாம் கள்ளுக்காகத்தானா? வாய் நெறைய சிரிச்சுக்கிட்டே — எப்படிடா மனசு வந்துது?

கர்க்கடகம் 15

வெள்ளம் வடிகிறது. எங்கள் கரை நின்றுவிட்டது. "பாத்தியா, அந்தப் பயந்தாங்கொள்ளி இல்லாமலே பொழச்சோம்" என்றான் சுகுணன். நானும் சிரித்தேன். சிரட்டையை ஆற்றில் எறிந்தேன்.

கர்க்கடகம் 23

இன்றுதான் சுகுணன் மண்வெட்டியோடு கரைக்குப் போனான். திரும்பி வந்தவன் காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டான். "சேச்சி, அந்த நண்டு வளையில..."

ஓடிப் போய்ப் பார்த்தேன். வளைக்குள் எங்கள் கல். சுற்றிலும் சேறு இறுகி, விரலகலம் கறுப்பு மட்டும் தெரிந்தது. கூப்பிட்டேன். தொண்டை வற்றும்வரை கூப்பிட்டேன்.

"தோண்டி எடுத்துடலாமா?" என்றேன்.

"எடுத்தா ஆறு உள்ள வந்துடும் சேச்சி."

நாள் முழுக்கப் புளுகுகிறவன் சாத்தான். 'போறேன்' என்ற அந்த ஒரு வார்த்தையில் மட்டும் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. நான் அவனைத் துரோகி என்று எழுதியிருக்கிறேன். அந்த எழுத்தை அடிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

ஓணத்துக்கு மறுநாள்

புதுச் சிரட்டையில் கள், புளி குறைத்த மீன் கறி. கரையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். எழுந்து கிளம்பும்போது சுகுணன்தான் குனிந்து சொன்னான்: "போயிட்டு வரேண்டா."